மருந்தடித்த மண்ணை மண்புழு ஏற்கிறதா? 48 மணி நேர விலகல் சோதனை: முழுமையான வழிகாட்டி

மண்ணில் நச்சு சேர்ந்தால் மண்புழு சாவதற்கு வெகு முன்பே பெரும்பாலும் அதன் நடத்தை மாறிவிடும். தலை நுனியால் மண்ணைத் தொட்டுப் பார்க்கும், சட்டென்று இழுத்துக்கொள்ளும், வேறு பக்கம் திரும்பிவிடும். அது தோலாலேயே மூச்சுவிடுகிறது. தோல் முழுக்க உணர்வு செல்கள் இருக்கின்றன. அதனால் மண் ஒவ்வாததாகும்போது புழுவுக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும். இந்த விலகலைக் கணக்காக எடுப்பதுதான் விலகல் சோதனை. ஐஎஸ்ஓ 17512 என்ற எண்ணில் உலகத் தர முறையாகவே இருக்கிறது.

ஒரு பெட்டி, இரண்டு மண், பத்துப் புழு, இரண்டு நாள். கேட்க எளிதுதான். ஆனால் முதல்முறை செய்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள்: புழு விலகியது நச்சுக்காகவா, ஈரத்துக்காகவா, சாணத்துக்காகவா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி பெட்டியை அமைத்துவிடுகிறார்கள். கீழே உள்ள வரிசை அந்தச் சறுக்கலைத் தவிர்ப்பதற்கானது. எடுத்துக்காட்டாகத் திராட்சைத் தோட்டத்து மண்ணை எடுத்துக்கொள்கிறேன், பூஞ்சாண நோய்க்கு அடிக்கும் போர்டோ கலவையால் அதில் செம்பு சேர்கிறது என்பதால்.

1. எவ்வளவு சேர்ந்திருக்கும் என்று முதலில் கணக்குப் போடுங்கள்

ஒரு சதவீத போர்டோ கலவை என்றால் 100 லிட்டர் தண்ணீருக்கு 1 கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), 1 கிலோ சுண்ணாம்பு. மயில்துத்தத்தில் செம்பு ஏறக்குறைய கால் பங்கு. எக்டருக்கு 1,000 லிட்டர் அடித்தால் ஒரு தடவைக்குச் சுமார் 2.5 கிலோ செம்பு போகிறது.

ஒரு எக்டரில் 20 செ.மீ. ஆழத்து மண் ஏறத்தாழ 2,600 டன் எடை இருக்கும். அத்தனை செம்பும் அதில் சீராகக் கலந்தால், ஒரு தடவை அடிப்பதற்குக் கிலோ மண்ணுக்கு 1 மில்லிகிராம் கூடும். வருடத்துக்கு ஐந்து தடவை, இருபது வருடம் என்றால் கிலோவுக்கு 100 மில்லிகிராம்.

ஆனால் சீராகக் கலப்பதில்லை. செம்பு மட்கையும் களிமண்ணையும் இறுகப் பிடித்துக்கொள்ளும், எளிதில் கீழே இறங்காது. உழாத தோட்டத்தில் மேல் 5 செ.மீ. மண்ணில்தான் அதிகம் நிற்கும். இந்தக் கணக்கை முதலிலேயே போடச் சொல்வதற்குக் காரணம், எந்த ஆழத்தில் மண் எடுப்பது, பின்னால் எந்த அளவுகளில் செம்பு கலந்து பார்ப்பது என்ற இரண்டையும் இதுதான் முடிவு செய்கிறது.

மண்வள அட்டையில் செம்பு என்று ஓர் எண் இருக்கும். அதை அப்படியே மொத்தச் செம்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது பயிருக்குக் கிடைக்கக்கூடிய பகுதி மட்டும்; பற்றாக்குறை இருக்கிறதா என்று பார்க்க எடுத்த எண்.

2. முன்கூட்டியே சேர்த்துவைக்க வேண்டியவை

சுமார் 20 × 12 செ.மீ. அளவில், மண் 5 செ.மீ. உயரம் நிற்கும்படியான பிளாஸ்டிக் பெட்டிகள் பத்து. பார்சல் கடைப் பெட்டி போதும். புதிதாக வாங்குங்கள்; எண்ணெயோ மசாலாவோ பட்டது வேண்டாம். மூடியில் ஊசித் துளை போடுங்கள், புழு வெளியேறிவிடும் அளவுக்குப் பெரிதாக வேண்டாம். நடுவில் தடுப்பாக நிறுத்த, பெட்டியின் குறுக்களவுக்கு வெட்டிய கெட்டியான ஃபைல் அட்டை. எடை பார்க்கும் டிஜிட்டல் தராசு, அளவுக் குழாய், பிஎச் பார்க்கும் வழி, 4 மி.மீ. சல்லடை, கையுறை.

பாதி வேலையில் தீர்ந்துபோவது எப்போதும் ஒப்பீட்டு மண்தான், அதாவது மருந்து படாத மண். சந்தேக மண், அதாவது சோதிக்க வேண்டிய தோட்ட மண், 3 கிலோ போதும். ஒப்பீட்டு மண் எல்லாப் படிகளுக்கும் சேர்த்து உலர்ந்த நிலையில் 30 கிலோ வரை பிடிக்கும். ஒரு சாக்கு நிறைய ஒரே நாளில் எடுத்துவிடுங்கள். பிறகு போய் எடுத்துவரும் மண் அதே மண்ணாக இருக்காது.

புழுவும் அப்படித்தான். ஒரு ஒப்பீட்டுக்கு ஐந்து பெட்டி, 50 புழு. இருபக்கமும் ஒரே மண் ஒன்று, சந்தேக மண் ஒன்று, செம்பு கலந்த அளவுகள் நான்கு என ஆறு ஒப்பீட்டுக்கு மொத்தம் 300 வேண்டும். ஒருமுறை பயன்படுத்தியதை மறுபடி விடக் கூடாது. நச்சைத் தொட்டு வந்த புழு அடுத்த பெட்டியில் அதே மாதிரி நடக்கும் என்று நம்ப முடியாது.

3. எந்தப் புழு?

தர முறை சொல்வது ஐசீனியா. நம் பக்கம் மண்புழு உரக் குழிகளில் அதிகம் விற்பது ஆப்பிரிக்க வகையான யூட்ரிலஸ். அது பெரிய புழு, முதிர்ந்தது ஒரு கிராமைத் தாண்டும். பத்தை இந்தப் பெட்டியில் விட்டால் நெருக்கடியிலேயே சிதறும். பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் கிடைத்தால் அதை எடுங்கள். அரை கிராம் அளவு, ஊதா மினுமினுப்பு, தொட்டால் துள்ளும். இங்குள்ள வெயிலுக்கும் பழகியது.

பதினோராம் வகுப்பு விலங்கியலில் படித்த லாம்பிட்டோ மாரிட்டி நிஜமான மண்வாசி. தோட்டத்தில் என்ன நடக்கும் என்பதற்கு அதன் பதில்தான் நெருக்கமானது. ஆனால் தோண்டும்போது அறுபடும், பெட்டிக்குப் பழக நாளாகும். முதல் சோதனைக்கு எடுக்க வேண்டாம். கை பழகியபின் எடுங்கள்.

எந்த வகையானாலும் கிளைடெல்லம் என்ற பட்டை தெளிவாகத் தெரியும் முதிர்ந்த புழுக்களை, ஒரே அளவில், ஒரே குழியிலிருந்து எடுங்கள். குஞ்சுகளும் முதிர்ந்தவையும் ஒரே நச்சுக்கு ஒரே மாதிரி நடப்பதில்லை. இரண்டு வகை கலந்துவிட்டால் முடிவு எதற்கும் உதவாது.

4. மண் எடுத்தல்

சந்தேகப்படும் தோட்டத்தில் கொடிக்கு நேர் கீழே, பத்து இடங்களில், மேல் 5 செ.மீ. மண்ணைச் சுரண்டி ஒன்றாகக் கலக்கவும். ஒரே இடத்தில் எடுத்தால் அது அன்று கலவை சிந்திய இடமாகவே இருக்கக்கூடும். மருந்தடித்து ஒரு வாரத்துக்குள் எடுக்க வேண்டாம். இலையிலிருந்து வழிந்த புதுப்பூச்சைத்தான் அளப்பீர்கள்.

ஒப்பீட்டு மண்ணையும் அதே ஆழத்தில் எடுங்கள். இங்கே 5, அங்கே 20 என்று எடுத்தால் மட்கின் அளவே வேறாகிவிடும்.

நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் காயப்போட்ட மண் கல்லாக இறுகும், மருந்துகளில் சில ஆவியாகும், சில சிதையும். உலர்ந்ததைக் கட்டை உடைத்துச் சலிக்கவும். மாவுச் சல்லடை வேண்டாம், மண்ணின் கட்டமைப்பே போய்விடும். சலிக்கும்போது பழைய புழு, முட்டைக்கூடு எல்லாவற்றையும் பொறுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் கடைசியில் பதினொன்றாவது புழு கிடைக்கும்.

5. ஒப்பீட்டு மண்ணைப் பொருத்துதல்

சோதனையின் உயிர் இங்கேதான். புழுவிடம் நாம் கேட்கும் கேள்வி, “செம்பு இருக்கிற மண்ணா, இல்லாத மண்ணா?” என்பது. ஆனால் பெட்டியில் அதற்குத் தெரிவது இரண்டு மண்கள், அவ்வளவுதான். அவற்றுக்கு இடையில் வேறு எந்த வித்தியாசம் இருந்தாலும் அதையும் வைத்துத்தான் பக்கத்தைத் தேர்ந்தெடுக்கும்.

திராட்சைத் தோட்டத்தில் இரண்டு வித்தியாசங்கள் நிச்சயம் வரும். போர்டோ கலவையில் பாதி சுண்ணாம்பு, ஆகவே பிஎச் ஏறியிருக்கும். கொடிக்கு ஆண்டுதோறும் தொழுவுரம் கொட்டியிருப்பார்கள், ஆகவே மட்கு அதிகம். பக்கத்துத் தரிசு மண்ணை ஒப்பீட்டுக்கு எடுத்தால் புழு சாணத்தைத் தேடித் தோட்ட மண்ணுக்கே ஓடும். “பாருங்கள், செம்பு ஒன்றும் செய்யவில்லை” என்று எழுதிவிடுவோம். மாணவர்கள் செய்த ஒரு சோதனையில் இதையே பார்த்தேன். ஐந்து பெட்டியிலும் புழுக்கள் மருந்து மண்ணில் உருண்டையாகச் சுருண்டு கிடந்தன. அந்தப் பக்கத்து மண்ணைக் கையில் எடுத்து முகர்ந்தால் மட்கிய சாண வாசனை. தரிசுப் பக்கம் வெறும் புழுதி. குறை புழுவிடம் இல்லை, நாங்கள் எடுத்த ஒப்பீட்டு மண்ணில்தான்.

அதே விவசாயியின் நிலத்தில், அதே தொழுவுரம் வாங்கும், போர்டோ அடிக்காத காய்கறிப் பாத்தியோ தென்னையடியோ இருந்தால் அங்கிருந்து எடுங்கள். வாய்க்காலுக்கு அப்பால் உள்ள மண்ணைவிட அது நூறு மடங்கு மேல். அப்புறம் இரண்டையும் அருகருகே வைத்து மூன்றைப் பாருங்கள்.

முதலாவது, தொட்டுப் பார்த்து மணல், களி அளவு. ஈரமாக்கி உருட்டினால் இரண்டும் ஒரே மாதிரி திரள வேண்டும். இரண்டாவது பிஎச்: 1 பங்கு மண், 2.5 பங்கு தண்ணீர் கலக்கி அளந்தால் அரைக்கு மேல் வேறுபடக் கூடாது. வேறுபட்டால் ஒப்பீட்டு மண்ணில் சிறிது சுண்ணாம்புத்தூள் கலந்து ஒரு வாரம் விட்டு மறுபடி அளக்கவும். மூன்றாவது கரிமச் சத்து. அருகிலுள்ள மண் பரிசோதனை நிலையத்தில் இரண்டையும் கொடுத்தால் எண் கிடைக்கும். குறைவாக இருக்கும் பக்கம் நன்கு கழுவிய தென்னைநார்க் கழிவு சேர்த்துச் சமப்படுத்தலாம். கழுவாமல் சேர்த்தால் அதிலுள்ள உப்பே புழுவை விரட்டும்.

6. ஈரம்

இரு பக்கமும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றுவது போதாது. களி கூடிய மண்ணும் மணல் கூடிய மண்ணும் ஒரே தண்ணீரை வேறு வேறு இறுக்கத்தில் பிடிக்கும். அதனால் ஒவ்வொரு மண்ணுக்கும் அதன் நீர்பிடிப்புத் திறனைத் தனித்தனியே கண்டுபிடித்து, இரண்டையும் அதில் பாதிக்குக் கொண்டுவருகிறோம்.

அடியில் துளையிட்டு வடிதாள் வைத்த டப்பாவில் மண்ணை நிரப்பி, மூன்று மணி நேரம் தண்ணீரில் ஊறவிடுங்கள். வெளியே எடுத்து இரண்டு மணி நேரம் வடியவிட்டு எடை போடுங்கள். பிறகு 105 டிகிரி அடுப்பில், எடை மேலும் குறையாமல் நிற்கும்வரை காயவைத்து மறுபடி எடை. வித்தியாசம்தான் பிடித்த நீர்.

ஓர் எடுத்துக்காட்டு. 100 கிராம் உலர்மண் 40 கிராம் நீர் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாதி என்றால் 20 கிராம். 500 கிராம் உலர்மண்ணுக்கு 100 மி.லி. வேண்டும். ஆனால் நிழலில் காய்ந்த மண்ணில் ஏற்கெனவே 3 சதவீத ஈரம் இருந்தால், 515 கிராம் மண் எடுத்து 85 மி.லி. மட்டும் ஊற்ற வேண்டும். இந்தக் கழித்தலை மறப்பவர்கள் அதிகம்.

தண்ணீர் கலந்த மண்ணை மூடி ஓர் இரவு விடவும். காலையில் ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் ஓடக் கூடாது.

7. புழுவைப் பழக்குதல்

உரக்குழியிலிருந்து எடுத்த புழுவை நேரே பெட்டியில் விடாதீர்கள். குடல் நிறையச் சாணமும் உடம்பில் குழியின் சூடும் இருக்கும். ஒரு முழு நாள் ஒப்பீட்டு மண்ணில் விட்டு வையுங்கள். அதில் மேலே ஏறி ஓடப் பார்ப்பவை, துவண்டு கிடப்பவை, காயம்பட்டவை எல்லாவற்றையும் ஒதுக்கிவிடலாம்.

கையாளும்போது ஈர விரலால் மெல்ல எடுக்கவும். ஐசீனியா என்றால் இறுக்கிப் பிடித்தால் மஞ்சள் நீரை வெளிவிடும். அந்த நாற்றம் பட்ட புழு அன்று சோதனைக்கு ஆகாது.

8. முதலில் இருபக்கமும் ஒரே மண்

அவசரப்படுபவர்கள் தவிர்த்துவிடும் படி இது. ஐந்து பெட்டிகளில் இரண்டு பக்கமும் ஒப்பீட்டு மண்ணையே நிரப்பி, முழுச் சோதனையையும் அப்படியே செய்யுங்கள். புழுக்கள் ஏறத்தாழ சரிபாதியாகப் பிரிய வேண்டும். மொத்தத்தில் ஒரு பக்கம் 60 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது.

போனால் மண் காரணமில்லை, அறை காரணம். ஒரு பக்கம் ஜன்னல் வெளிச்சம், ஒரு பக்கம் குளிர்பெட்டியின் சூடு, மேசை சாய்வு, இப்படி ஏதாவது இருக்கும். அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யாமல் அடுத்த படிக்குப் போவதில் அர்த்தமில்லை.

9. பெட்டி அமைத்து விடுதல்

தடுப்பை நடுவில் நிறுத்தி, இரு பக்கமும் ஒரே உயரத்துக்கு மண் நிரப்புங்கள். ஒரு பக்கத்துக்குச் சுமார் 600 கிராம் ஈரமண் வரும். அமுக்காதீர்கள், ஒரு பக்கம் இறுகினால் புழு இளகிய பக்கம் போகும்.

ஐந்து பெட்டியில் மூன்றுக்குச் சந்தேக மண் இடப்பக்கம், இரண்டுக்கு வலப்பக்கம். பெட்டிக்கு அடியில் எழுதி வையுங்கள், மேலே எழுதினால் எண்ணும்போது கண் அதையே தேடும்.

தடுப்பை உருவுங்கள். அந்தக் கோட்டின் மேல் பத்துப் புழுவை ஒன்றன்பின் ஒன்றாக விடுங்கள். முதல் பத்து நிமிடம் விலகிப் போகாமல் பாருங்கள், இதில்தான் கற்க நிறைய இருக்கிறது. நல்ல மண்ணில் தலை நுனி கூர்ந்து, ஒரு சந்து தேடி, வால் வரை நழுவி இறங்கிவிடும். ஒவ்வாத மண்ணில் தலை பட்டதும் சுருங்கும், தூக்கும், அந்தரத்தில் ஆட்டும், திரும்பும். எத்தனை நிமிடத்தில் எத்தனை இறங்கின என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மூடி, ஒரே வெப்பம் நிலைக்கும் அறையில் 48 மணி நேரம். தர முறை 20 டிகிரி கேட்கிறது, ஐசீனியாவுக்காக. நம் வகைகளுக்கு 25 முதல் 28 சரிதான், ஏறி இறங்காமல் இருந்தால். தீனி போடக் கூடாது. போட்ட பக்கம்தான் புழு போகும்.

10. எண்ணுதல்

பெட்டியைத் தூக்காதீர்கள். அது இருந்த இடத்திலேயே தடுப்பை ஒரே அழுத்தில் இறக்குங்கள். அதிர்வு பட்டால் புழு நகரும்; மேசைக்குக் கொண்டுபோகிற அரை நிமிடத்தில் கணக்கு மாறும்.

இரு பக்க மண்ணையும் தனித்தனித் தட்டில் கொட்டிக் கையால் தேடுங்கள். தடுப்பில் அறுபட்டதை, எந்தப் பக்கம் எவ்வளவு நீளம் இருந்தாலும், பக்கத்துக்கு அரை என்று எழுதுங்கள். காணாமல் போனதை இறந்ததாகக் கொள்வது வழக்கம், மூடி வழியே போயிருந்தால் ஒழிய. பத்தில் ஒன்றுக்கு மேல் இறந்திருந்தால் அந்தச் சோதனையை விலகல் கணக்கில் சேர்க்க முடியாது.

11. கணக்கு

ஒப்பீட்டுப் பக்கம் இருந்தவற்றிலிருந்து சந்தேகப் பக்கம் இருந்தவற்றைக் கழித்து, மொத்தத்தால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். 8-க்கு 2 என்றால் விலகல் 60 சதவீதம். 3-க்கு 7 என்றால் கழித்தல் 40. அதைப் பூஜ்யம் என்று மாற்றாமல் அப்படியே எழுதுங்கள். புழுவை இழுத்தது எது என்று தேட அந்த எண்தான் தூண்டும்.

ஐந்து பெட்டியும் சேர்த்து 80 சதவீதத்துக்கு மேற்பட்ட புழுக்கள் ஒப்பீட்டுப் பக்கம் இருந்தால், சந்தேக மண் புழுவின் வாழிடமாக இருக்கும் தகுதியை இழந்துவருகிறது என்பது தர முறையின் அளவுகோல்.

ஐம்பது புழு என்பதால் ஐம்பது சாட்சி கிடைத்துவிட்டதாக நினைக்க வேண்டாம். புழுக்கள் ஒன்றையொன்று தொட்டுத் தொடர்ந்து போகும், கூட்டமாகச் சேரும். சாட்சி பெட்டிக்கு ஒன்று, ஆக ஐந்துதான். ஐந்து பெட்டியிலும் ஒப்பீட்டுப் பக்கமே கூடுதல் என்பது தற்செயலாக நடக்க 32-ல் ஒரு வாய்ப்பு. நான்கில் அப்படி, ஒன்றில் மாறாக என்றால் இன்னும் ஐந்து பெட்டி வைப்பதுதான் நேர்மை.

12. விரட்டியது செம்புதானா?

திராட்சைக்குப் போர்டோ மட்டுமா அடிக்கிறோம்? அதனால் விலகல் தெரிந்ததும் செம்பின் மேல் பழி போட முடியாது. ஒப்பீட்டு மண்ணிலேயே செம்பை மட்டும் படிப்படியாகக் கலந்து பார்க்க வேண்டும்.

சமையலறைத் தராசில் கால் கிராம் நிறுக்க முடியாது, ஆகவே கரைசலாகச் செய்யுங்கள். ஆய்வகத் தரமான மயில்துத்தம் 15.7 கிராமை 1 லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்தால், 1 மி.லி.யில் 4 மில்லிகிராம் செம்பு. ஒரு கிலோ உலர்மண்ணுக்கு 12.5, 25, 50, 100 மி.லி. சேர்த்தால் முறையே 50, 100, 200, 400 மில்லிகிராம். ஆறாம் படியில் கணக்கிட்ட தண்ணீரிலிருந்து இந்த அளவைக் கழித்துக்கொள்ளுங்கள். மறுபக்க மண்ணுக்கு வெறும் நீர்.

கலந்த மண்ணை ஈரம் குறையாமல் இரண்டு வாரம் மூடி வையுங்கள். புதிதாகக் கலந்த செம்பு நீரில் அலையும், புழுவைக் கடுமையாகத் தாக்கும். ஆண்டுக்கணக்கில் மண்ணோடு பிணைந்தது அவ்வளவு தாக்காது. கலந்த அன்றே சோதித்துவிட்டு, தோட்ட மண்ணும் இதே அளவு கொடியது என்று சொல்வது தவறு. செம்பு கலந்தபின் பிஎச் இறங்கும். மறுபடி அளந்து சரிசெய்யுங்கள்.

அளவு கூடக் கூட விலகலும் கூடினால் செம்பு விரட்டுகிறது என்று சொல்ல ஆதாரம் கிடைத்துவிட்டது.

13. விலகவில்லை என்றால்

இதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள அவசரப்படாதீர்கள். ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகைப் பூச்சிக்கொல்லிகள் நரம்பில் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை முடக்குகின்றன. அப்படி அடிபட்ட புழுவுக்கு உணரவும் முடியாது, உணர்ந்தாலும் நகர முடியாது. விஷ மண்ணிலேயே கிடக்கும். எண்ணிக்கை சரிபாதி என்று காட்டும்.

அதனால் எண்ணி முடித்ததும் ஒவ்வொரு புழுவையும் பாருங்கள். தலையை ஈரக் குச்சியால் தொட்டால் இழுத்துக்கொள்கிறதா? சுத்தமான மண்ணின் மேல் வைத்தால் எத்தனை நிமிடத்தில் உள்ளே போகிறது? இரு பக்கப் புழுக்களுக்கும் இந்த நேரத்தை ஒப்பிடுங்கள். கார்போபியூரான் பட்ட புழு மேலே வந்து வீங்கிச் சுருண்டு கிடக்கும், ஒருமுறை பார்த்தால் மறக்காது.

14. தோட்டத்திலேயே பார்க்க: தீனிப் பட்டை

பெட்டி சொல்வது தேர்வை மட்டும். மண்ணுயிர்கள் அங்கே தின்று உழைக்கின்றனவா என்பதற்குத் தனி வழி உண்டு. 12 செ.மீ. நீளம், 6 மி.மீ. அகலப் பிளாஸ்டிக் பட்டையில் 5 மி.மீ. இடைவெளியில் 16 சிறு துளைகள். செல்லுலோஸ் தூள் 70, கோதுமைத் தவிடு 27, கரித்தூள் 3 என்ற பங்கில் குழைத்துத் துளைகளை அடைத்துக் காயவிட்டு, இடைவெளி விழுந்த இடத்தில் மறுபடி அடைக்கவும்.

கத்தியால் கீறல் போட்டுவிட்டுச் செருகுங்கள், இல்லாவிட்டால் தீனி உதிர்ந்துவிடும். மேல் துளை மண்ணுக்குச் சற்றுக் கீழே நிற்கட்டும். இரு நிலத்திலும் ஒரே நாளில், 16 பட்டை வீதம். ஒப்பீட்டு நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு துளை காலியானதும் இரண்டு இடத்திலும் எடுத்துவிடவும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தின்ற துளை தெரியும். மண்புழு மட்டுமல்ல, துள்ளிக் குதிக்கும் சிறு மண்ணுயிரான ஸ்பிரிங்டெயில், மண் உண்ணிகள், மண்புழுவின் சிறிய உறவான வெண்புழுக்கள் எல்லாம் சேர்ந்து தின்றதன் கணக்கு இது. மழை பெய்த வாரத்தையும் காய்ந்த வாரத்தையும் ஒப்பிடாதீர்கள்.

15. முடிந்தபின்

சோதித்த புழுக்களை உரக்குழியில் விடக் கூடாது. செம்பு உடம்பில் ஏறியிருக்கும், கோழியோ பறவையோ கொத்தினால் அதற்குப் போகும். செம்பு கலந்த மண்ணையும் மீதிக் கரைசலையும் சாக்கடையில் கொட்டாமல் கல்லூரி ஆய்வகத்தின் கழிவுச் சேகரிப்பில் சேர்க்கவும். தோட்டத்து மண் தோட்டத்துக்கே போகட்டும், எடுத்த அதே கொடியடிக்கு.

பெட்டிகளை வெந்நீரில் மட்டும் கழுவி வெயிலில் வைத்துவிடுங்கள். சோப்பு ஒட்டியிருந்தால் அடுத்த முறை எட்டாம் படியிலேயே தெரிந்துவிடும்: இரு பக்கமும் நல்ல மண், ஆனாலும் புழுக்கள் பெட்டியின் சுவரைத் தொடாமல் நடுவிலேயே கூடி நிற்கும்.